பாட்டு ஏற்றித் தந்த கடைகள்: கேசட்டிலிருந்து பென் டிரைவ் வரை

தமிழ்நாட்டில் பாட்டைக் காசு கொடுத்துப் படி எடுத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு வயது பென் டிரைவைவிட அதிகம். 1980களில் பேருந்து நிலையத்தை ஒட்டியும் கடைத்தெருவிலும் இருந்த ரெக்கார்டிங் கடைகளில்தான் அது வேர் பிடித்தது. ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய கேசட், வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊர் திரும்பியவர்களின் பெட்டிகளில் டேப் ரெக்கார்டரோடு வந்து சேர்ந்தது. அதுவரை இசைத்தட்டு வாங்க வசதியுள்ள வீடும், கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் மைக் செட் கட்டுபவரும்தான் பாட்டைக் கையில் வைத்திருந்தார்கள். மற்றவர்களுக்கு வானொலிதான் கதி. அது எப்போது எதைப் போடுகிறதோ அப்போது அதைக் கேட்க வேண்டும். கேசட் வந்த பிறகு, கேட்பவரே பாட்டைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ள முடிந்தது.

ரெக்கார்டிங் கடையில் வேலை நடந்த விதம் இது. வாடிக்கையாளர் ஒரு தாளில் பாட்டுகளின் முதல் வரிகளை எழுதிக்கொண்டு வருவார். சிக்ஸ்டியா நைன்டியா என்று கடைக்காரர் கேட்பார். அறுபது நிமிட கேசட்டில் பக்கத்துக்கு அரை மணி நேரம். நாலரை நிமிடப் பாட்டு என்றால் ஆறு போகும், ஏழாவது பாதியில் அறுந்துவிடும். அப்படி அறுந்துபோகாமல் பாட்டுகளை இடம் மாற்றி அடுக்குவதில்தான் கடைக்காரரின் கைத்திறன் இருந்தது. ஏ பக்கக் கடைசியில் மிஞ்சும் இரண்டரை நிமிடத்துக்கு எந்தப் பாட்டு பொருந்தும் என்பது நல்ல கடைக்காரருக்கு மனப்பாடம். இசைத்தட்டிலிருந்து கேசட்டுக்கு மாற்றும்போது பாட்டு ஓடும் நேரம் முழுவதும் பதிவுக்கும் ஆகும் என்பதால், காலையில் கொடுத்த பட்டியல் மாலையிலோ மறுநாளோதான் கேசட்டாகக் கைக்கு வரும். பதிவு முடிந்ததும் கேசட்டின் முதுகிலுள்ள இரண்டு சின்ன பிளாஸ்டிக் பற்களை உடைத்துவிடுவார்கள்; அதற்குப் பிறகு தவறியும் அதன்மேல் வேறு எதுவும் பதியாது. மறுபடி பதிய வேண்டுமென்றால் அந்தக் குழியைக் காகிதம் திணித்தோ செல்லோ டேப் ஒட்டியோ மூட வேண்டும்.

கேசட்டுக்குத் தீராத குறை ஒன்று இருந்தது. படியிலிருந்து படி எடுக்க எடுக்க இரைச்சல் கூடும். மூன்றாம் படியில் வயலினின் மேல் ஸ்தாயி மங்கிப்போகும். நான்காவதில் பாடகரின் மூச்சே கேட்காது. இசைத்தட்டு வைத்திருக்கும் கடைக்கு மதிப்பு இருந்ததற்கு இதுதான் காரணம். மூலம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் போக வேண்டும். பின்னாளில் பென் டிரைவ் தலைகீழாக மாற்றியது இந்த ஒன்றைத்தான்.

பாட்டை எண்களாக மாற்றும் வேலையை 1982இல் விற்பனைக்கு வந்த சிடி செய்துவிட்டது. ஆனால் அந்த எண்கள் மிகப் பெரியவை. ஒரு நொடி இசைக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட். ஐந்து நிமிடப் பாட்டுக்கு 53 மெகாபைட். 1990களின் வீட்டுக் கணினியின் ஹார்டு டிஸ்க்கில் இருபது முப்பது பாட்டை ஏற்றினால் வேறெதற்கும் இடம் இருக்காது. இதைச் சுருக்கியவர்கள் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரிலுள்ள ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவருடைய சகாக்களும். பலத்த ஒலி ஒன்று கேட்கும்போது அதன் அருகிலுள்ள மெல்லிய ஒலி காதுக்கு எட்டுவதில்லை. எட்டாத ஒலிக்கு எதற்கு இடம் ஒதுக்க வேண்டும்? இந்தக் கேள்வியின் மேல் கட்டப்பட்டதே எம்பி3. அந்தக் கோப்புகளுக்கு எம்பி3 என்ற பின்னொட்டு முடிவானது 1995 ஜூலை 14 அன்று. நொடிக்கு 128 கிலோபிட் அளவில் சுருக்கினால் ஐந்து நிமிடப் பாட்டு 4.8 மெகாபைட்டில் அடங்கிவிடும். கூர்ந்து கேட்பவருக்கு வித்தியாசம் தெரியும். டீக்கடையிலும் பேருந்திலும் கேட்பவருக்கு அது போதுமானதாக இருந்தது.

கணினிக்குள் வந்த பாட்டை இன்னொரு கணினிக்குக் கொண்டுபோவது அப்போது பெரும்பாடு. ஃபிளாப்பியின் கொள்ளளவு 1.44 மெகாபைட். ஒரே பாட்டை நான்காக வெட்டி, நான்கு ஃபிளாப்பியில் எடுத்துப்போய், அங்கே ஒட்ட வேண்டும். நான்கில் ஒன்று பழுதானாலும் பாட்டு போய்விடும். டெலிபோன் இணைப்பு வழியே ஒரு பாட்டை இறக்க அரை மணிக்கு மேல் ஆகலாம். சிடி ரைட்டர் விலை குறைந்ததும் வழி பிறந்தது. 700 மெகாபைட் வெற்று சிடியில் ஏறக்குறைய 150 பாட்டுகள் போகும். 'எம்பி3 சிடி' என்ற பெயரில் ஒரே தட்டில் ஒரு இசையமைப்பாளரின் பத்தாண்டு உழைப்பு நடைபாதையில் விற்கப்பட்டது. அதைப் படிக்கத் தெரிந்த சீனத்து விசிடி, டிவிடி பிளேயர்கள் மலிவாக வந்து சிற்றூர் வரை பரவின. ஆனாலும் சிடியில் எழுதியது எழுதியதுதான். ஒரு பாட்டு பிடிக்காமல் போனாலும் அதை மட்டும் நீக்க முடியாது, கீறல் விழுந்தால் மொத்தமும் திக்கும்.

பாட்டைச் சுமக்கப்போகும் கருவி இசைத்துறைக்குத் தொடர்பில்லாத இரண்டு திசைகளிலிருந்து வந்தது. முதலாவது, மின்சாரம் நின்றாலும் எழுதியதை மறக்காத சிலிக்கான் நினைவகம். தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா 1984இல் அதை உலகுக்கு அறிவித்தார். பின்னர் அவர் குழுவே உருவாக்கிய நாண்ட் வகைதான் இன்றைய மெமரி கார்டுக்கும் பென் டிரைவுக்கும் அடிப்படை. இரண்டாவது, யுஎஸ்பி. விசைப்பலகைக்கு ஒரு துளை, மவுஸுக்கு ஒரு துளை, பிரிண்டருக்கு இன்னொன்று என்றிருந்த குழப்பத்தைத் தீர்க்க ஏழு நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த பொது விதி அது. இன்டெலில் அந்தப் பணியை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் பரோடாவில் படித்த அஜய் பட். 1996 ஜனவரியில் முதல் விதித்தொகுப்பு வெளிவந்தது; வேகம் நொடிக்கு 12 மெகாபிட். 2000 ஏப்ரலில் வந்த யுஎஸ்பி 2.0 அதை 480 ஆக்கியது.

இரண்டையும் சேர்த்த முதல் ஆள் யார் என்பதில் வழக்குகள் நடந்திருக்கின்றன. இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் 1999 ஏப்ரலில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. சிங்கப்பூரின் டிரெக் 2000 நிறுவனம் 2000இல் ஜெர்மனியின் ஹானோவர் கண்காட்சியில் தன் கருவியைக் காட்டி விற்கத் தொடங்கியது. அந்த ஆண்டு இறுதியில் ஐபிஎம் விற்ற எம்-சிஸ்டம்ஸ் தயாரிப்பின் கொள்ளளவு 8 மெகாபைட். ஃபிளாப்பியோடு ஒப்பிட்டால் ஐந்து மடங்குக்கு மேல், பாட்டுக் கணக்கில் ஒன்றே ஒன்று.

தொடக்கத்தில் இந்தியாவில் பென் டிரைவ் அலுவலகப் பொருளாகவே இருந்தது. விலையும் அதிகம், விண்டோஸ் 98 கணினியில் செருகினால் டிரைவர் சிடி கேட்கும். சிடி கொண்டு வராதவர் அப்படியே திரும்ப வேண்டியதுதான். விண்டோஸ் எக்ஸ்பி வந்த பிறகு இந்தத் தொல்லை ஒழிந்தது. செருகினால் போதும், கணினி தானே அடையாளம் கண்டுகொள்ளும். கொள்ளளவும் ஏறிக்கொண்டே போனது. 128 மெகாபைட்டில் 26 பாட்டு என்ற நிலை மாறி, 1 ஜிபியில் 200, 4 ஜிபியில் 800, 16 ஜிபியில் 3,000க்கு மேல் என்றானது. ஒருவரின் வாழ்நாள் கேசட் சேகரிப்பு சட்டைப்பையில் அடங்கியது.

கொள்ளளவையும் வேகத்தையும்விட முக்கியமான ஒன்று இருந்தது. எம்பி3 கோப்புக்குப் பூட்டு கிடையாது. எந்தக் கணினியில் உருவானது, யார் வாங்கியது என்று அது கேட்பதில்லை. எங்கே கொண்டுபோனாலும் பாடும். அதே காலத்தில் பூட்டுப் போட்ட வழியும் இருந்தது. ஆப்பிளின் ஐபாட் 2001 அக்டோபரில் 5 ஜிபி கொள்ளளவோடு வந்தது. கணினியிலிருந்து அதற்குள் பாட்டை ஏற்றலாம். ஆனால் ஐடியூன்ஸ் வழியே இன்னொரு கணினிக்கு அதை இறக்க முடியாது. பாட்டுகள் மறைவான அடைவுகளில் நான்கெழுத்துப் புரியாப் பெயர்களோடு கிடக்கும். 2003 ஏப்ரலில் தொடங்கிய ஐடியூன்ஸ் கடையில் வாங்கிய பாட்டு, பதிவு செய்த சில கணினிகளில் மட்டும் ஒலிக்கும். 2009இல் ஆப்பிளே அந்தப் பூட்டைக் கழற்றியது. தமிழ்நாட்டில் இந்தப் பூட்டுகளைப் பார்த்தவர்களே குறைவு. இங்கே பாட்டு பூட்டில்லாத எம்பி3யாகவே வந்தது, அப்படியே கைமாறியது.

மூலம் வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும் என்ற நிலை இப்போது இல்லை. நூறாவது படியும் முதல் படியும் ஒரு பிட் பிசகாமல் ஒன்றே. விடுதி அறையில் ஒருவரிடம் இருக்கும் பாட்டு அன்றிரவே எல்லோரிடமும் இருக்கும். ஆனால் இடம் போதவில்லை என்று 128 கிலோபிட் பாட்டை 64க்குச் சுருக்கிய கடைகள் உண்டு. அப்படித் தொலைந்த ஒலியை மறுபடி 320க்கு மாற்றினாலும் மீட்க முடியாது. கோப்பு பெரிதாகும், பாட்டு அதேதான். 320 என்று பெயரில் போட்டிருந்தும் தகரம் தட்டுவதுபோல் ஒலித்த கோப்புகள் அந்தக் காலத்தில் ஏராளமாகச் சுற்றின.

2005இல் மைக்ரோ எஸ்டி கார்டு தரப்படுத்தப்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் மலிவு விலை கைபேசிகளில் நுழைந்ததும் பழைய ரெக்கார்டிங் கடை வேறு உருவில் திரும்பி வந்தது. செல்போன் ரீசார்ஜ் கடை, ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர் என எங்கும் 'இங்கு மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்' என்ற அட்டை தொங்கியது. கடை மேசையில் பழைய கணினி ஒன்று, அதன் முன்பக்கத் துளையில் நிரந்தரமாகச் செருகிய கார்டு ரீடர், பக்கத்தில் கழற்றிய பேட்டரிகள். வருபவர் கைபேசியின் பின்மூடியைத் திறந்து, பேட்டரியைத் தூக்கி, நகக்கண் அளவு கார்டை எடுத்துக் கொடுப்பார். இருபது முப்பது ரூபாய்க்குக் கார்டு நிறைய ஏறும்.

தேர்வு முறை அடியோடு மாறியிருந்தது. கேசட் காலத்தில் பன்னிரண்டு பாட்டுக்கு ஒருவர் நாள் கணக்கில் யோசித்தார். இங்கே அடைவு அடைவாகத்தான் ஏறும்: இளையராஜா ஹிட்ஸ், எஸ்பிபி சோகம், ரஹ்மான் மெலடி, குத்துப் பாட்டு, எல்.ஆர். ஈஸ்வரி அம்மன் பாட்டு, நாகூர் ஹனிபா, கிறிஸ்தவ கீதங்கள். 'எல்லாத்தையும் போடுங்கண்ணே' என்பதே பெரும்பாலும் சொல்லப்பட்ட பட்டியல். இந்த அடைவுகளைத் தொகுத்தவர் யாரென்று யாருக்கும் தெரியாது. எந்தப் பாட்டு சோகம், எது மெலடி என்று எங்கோ ஒரு கணினியின் முன் ஒருவர் எடுத்த முடிவு கடைக்குக் கடை படியாகி, ஒரு தலைமுறையின் கேட்கும் பழக்கத்தையே வகுத்தது. தமிழ்த் திரையிசையின் வரலாற்றை எழுதுபவர்கள் இசையமைப்பாளரையும் பாடகரையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். பெயர் தெரியாத இந்தத் தொகுப்பாளர்களைப் பற்றி அந்த அளவுக்கு எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டும்.

கோப்புகளிலும் அந்தக் காலத்தின் தடம் உண்டு. எம்பி3 கோப்பில் பாட்டின் பெயர், படம், பாடியவர் ஆகியவற்றைக் குறிக்கத் தனி இடம் இருக்கிறது. பல கோப்புகளில் அந்த இடத்தைப் பாட்டை ஏற்றிய இணையதளத்தின் பெயர் பிடித்துக்கொண்டது. காரில் பாட்டு ஓடும்போது திரையில் பாடகர் பெயருக்குப் பதில் தளத்தின் முகவரி ஓடும். பாடலாசிரியர் பெயரோ அநேகமாக எங்கும் இருக்காது. இசைத்தட்டு உறையிலும் கேசட் அட்டையிலும் கண்ணதாசன், வாலி என்று அச்சாகியிருந்த பெயர்கள் கோப்புக்கு மாறியபோது உதிர்ந்துபோயின. பழைய பிளேயர்கள் தமிழ் எழுத்தைக் கட்டம் கட்டமாகக் காட்டியதால் பாட்டின் பெயரை ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். ஒரே பாட்டு மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று முறை கார்டில் ஏறியிருக்கும்.

தனியார் பேருந்துகளிலும் மினி பேருந்துகளிலும் இந்த வழக்கம் நெடுநாள் நிலைத்தது. ஓட்டுநர் இருக்கைக்கு மேலுள்ள ஸ்டீரியோவில் செருகிய பென் டிரைவ்தான் அந்த வழித்தடத்தின் வானொலி. காலை முதல் நடைக்குப் பக்திப் பாட்டு, பள்ளி, கல்லூரி நேரத்துக்குப் புதுப்பாட்டு, இரவு நடைக்கு இளையராஜா என்று அடுக்கி வைக்க ஓட்டுநர்கள் மெனக்கெட்டார்கள். அதில் ஒரு சிக்கல் வந்தது. பென் டிரைவைக் கணினியில் பார்த்தால் பாட்டுகள் அகர வரிசையில் ஒழுங்காகத் தெரியும், ஸ்டீரியோவில் போட்டால் வரிசை குலைந்து ஓடும். ஃபேட்32 முறையில் அமைந்த பென் டிரைவில், கோப்புகள் எழுதப்பட்ட வரிசையிலேயே அட்டவணையில் பதிவாகும். கணினி அதைத் தானாக வரிசைப்படுத்திக் காட்டுகிறது. மலிவான ஸ்டீரியோவுக்கு அந்த வேலை தெரியாது, அட்டவணையில் உள்ளபடியே வாசிக்கும். நடுவில் ஒரு பாட்டை அழித்துவிட்டுப் புதிதை ஏற்றினால், அது கடைசியில் போகாமல் பல சமயம் அழித்த பாட்டின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் சாமி பாட்டுக்கு நடுவே குத்துப் பாட்டு வந்தது. கோப்புப் பெயருக்கு முன் எண் போடுவது மட்டும் இதற்குத் தீர்வாகாது. பென் டிரைவைத் துப்புரவாக ஃபார்மேட் செய்து, வேண்டிய வரிசையில் ஒவ்வொன்றாக மறுபடி ஏற்ற வேண்டும். ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து இதைச் செய்த ஓட்டுநர், ஏ பக்கம் பி பக்கம் பார்த்து அடுக்கிய பழைய ரெக்கார்டிங் கடைக்காரரின் நேர் வாரிசு.

பாட்டோடு சேர்ந்து வைரஸும் பயணம் செய்தது. செருகியதும் உள்ளிருக்கும் நிரலைத் தானே இயக்கும் வசதி விண்டோஸில் இருந்ததால், பாட்டு அடைவின் உருவத்தில் ஒளிந்திருக்கும் நிரல் ஒரு கடையிலிருந்து ஊர் முழுக்கப் பரவும். அடைவுகள் மறைந்து அவற்றின் ஷார்ட்கட் மட்டும் மிஞ்சியிருப்பது அன்றாடக் காட்சி. உலகெங்கும் பரவிய கான்ஃபிக்கர் வைரஸ் 2008இல் யுஎஸ்பி வழியையும் பயன்படுத்திக்கொண்டது. 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ் கணினிகளிலும் அந்தத் தானியங்கி வசதியை நிறுத்தும் திருத்தத்தைப் பரவலாக அனுப்பிய பிறகே இந்தப் பரவல் ஓரளவு அடங்கியது.

அதே 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, அரசுப் பள்ளி மற்றும் உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. கணினியே பார்த்திராத தெருக்களில் வீட்டுக்குள் கணினி வந்தது. பாட்டு ஏற்றக் கடைக்குப் போக வேண்டிய தேவை அந்தத் தெருவுக்கு இல்லாமல் போனது. பிளஸ் டூ படிக்கும் பிள்ளையே அக்கம்பக்கத்தாரின் கார்டுகளை வாங்கி ஏற்றிக் கொடுக்கும்.

இணையம் மெதுவாகவோ விலை அதிகமாகவோ இருந்த மற்ற இடங்களிலும் இதே வழக்கம் உருவானது. கியூபாவில் ஏறத்தாழ ஒரு டெராபைட் அளவுள்ள பாட்டும் படமும் வாரந்தோறும் ஹார்டு டிஸ்க்கில் வீடு வீடாகப் போனது. சகாரா பாலைவன ஓரத்து நாடுகளில் மெமரி கார்டு வழியே கைமாறிய உள்ளூர் இசையைக் கிறிஸ்டோஃபர் கர்க்லி என்ற அமெரிக்கர் சேகரித்துத் தொகுப்பாக வெளியிட்டார்.

சட்டத்தின் பார்வையில் கடைகள் செய்தது குற்றம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், உரிமையாளரின் அனுமதியில்லாமல் படி எடுத்து விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. 2004இல் தமிழ்நாடு அரசு திரைப்படத் திருட்டுப் பதிவில் ஈடுபடுவோரையும் குண்டர் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. சொந்தப் பயன்பாட்டுக்கு நியாயமான அளவில் படி எடுப்பதற்குச் சட்டம் தரும் விலக்கு, 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஒலிப்பதிவுகளுக்கும் விரிந்தது. ஆகவே தான் வாங்கிய சிடியிலிருந்து தன் பென் டிரைவுக்கு மாற்றுவதும், கடையில் காசுக்கு ஏற்றுவதும் ஒன்றாகா. இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் இந்த வழக்கத்தால் இழந்தது உண்மையான கூலி; அதைச் சிறிதாகக் காட்டுவது நேர்மையாகாது. அதே நேரத்தில், சிற்றூரில் இருந்தவர் காசு கொடுத்து முறையாக எம்பி3 வாங்க நெடுங்காலம் வழியே இருக்கவில்லை என்பதும் உண்மை.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கியதும் கைபேசி இணையத்தின் விலை சரிந்தது. பாட்டுச் செயலிகள் வீட்டுக்கு வீடு வந்தன. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. பாட்டு ஏற்றும் அட்டைகள் கடைகளிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கின. செயலியிலும் பாட்டை இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது செயலிக்குள்ளேயே பூட்டிய வடிவில் கிடக்கும், பென் டிரைவுக்கு மாற்ற முடியாது, சந்தா நின்றால் பாட்டும் நிற்கும். ஐபாட் காலத்துப் பூட்டு இப்போது எல்லோருடைய கைபேசியிலும் இருக்கிறது. முதியவர்கள் இருக்கும் வீடுகளில் பழைய பழக்கத்துக்குக் கொஞ்சம் இடம் மிஞ்சியது: 2017இல் சரிகம வெளியிட்ட கார்வான் பெட்டியில், ஏற்றித் தந்த 5,000 பாட்டுகளோடு சொந்தப் பாட்டைச் செருகிக் கேட்க ஒரு யுஎஸ்பி துளையும் உண்டு.

திரைப்பாட்டுகள் செயலிகளில் பத்திரமாக இருக்கின்றன. அந்தக் கார்டுகளிலும் பென் டிரைவுகளிலும் சுற்றிய வேறொரு வகைப் பதிவுகள் அப்படியில்லை. ஊர்த் திருவிழாவில் விடியவிடிய நடந்த வள்ளி திருமண நாடகம், தெருக்கூத்து, வில்லுப்பாட்டு, கோயில் வாசலில் யாரோ கைபேசியில் பிடித்த நாகசுரம், ஊர்ப் பாட்டியின் ஒப்பாரி ஆகிய இவை எந்த நிறுவனமும் வெளியிடாதவை, பல இன்று இணையத்திலும் கிடைக்காதவை. நாண்ட் நினைவகம் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்தே எழுதியதை நினைவில் கொள்கிறது. பல ஆண்டுகள் செருகாமல் கிடந்தால் அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும், ஒரு நாள் கோப்பு திறக்காது. இப்படிப்பட்ட பதிவுகளைப் பழைய கார்டிலும் பென் டிரைவிலும் வைத்திருப்பவர்கள், எங்கே, எப்போது, யார் பாடியது என்ற குறிப்போடு, இன்றே வேறு இரண்டு இடங்களில் படி எடுத்து வைக்க வேண்டும்.